டிசி வேகச் சார்ஜர்: தாப்பா, பீடோர் பக்கத்துக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் வட்டாரத்தில் மின்சாரக் கார் வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கோலாலம்பூரில் ஒரு சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்த பேரங்காடிக்குப் போய்விடலாம். சுற்றிலும் செம்பனைக் காடாக இருக்கும் டவுனில் அடுத்த சார்ஜர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதனால் இங்கே சொல்லும் பதில்களில் எச்சரிக்கை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஏசி சார்ஜர், டிசி சார்ஜர் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வீட்டுக்கும் கடைக்கும் தெனாகா மின்சார வாரியம் கொடுப்பது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். பேட்டரியில் சேர்த்து வைக்க முடிந்தது டிசி, அதாவது நேர்திசை மின்சாரம் மட்டும். ஏசி சார்ஜரில் மாட்டும்போது ஏசியை டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. அந்தப் பெட்டியின் அளவுதான் வேகம். பிவைடி ஆட்டோ 3 காரில் அது 7 கிலோவாட், புரோட்டோன் இ.மாஸ் 7 காரில் 11 கிலோவாட். சுவரில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் 7 கிலோவாட் கார் 7-க்கு மேல் வாங்காது.

டிசி நிலையத்தில் அந்த மாற்றும் வேலை அலமாரி மாதிரி நிற்கும் இயந்திரத்துக்குள்ளேயே முடிந்து, மின்சாரம் நேராகப் பேட்டரிக்குப் போகிறது. அதனால்தான் 60, 120, 180 கிலோவாட் என்றெல்லாம் கொடுக்க முடிகிறது.

கிலோவாட் வேறு, யூனிட் வேறா?

வேறுதான். கிலோவாட் என்பது ஏறும் வேகம். யூனிட், அதாவது கிலோவாட் மணி, ஏறிய அளவு. 60 கிலோவாட் வேகத்தில் அரை மணி நேரம் ஏறினால் 30 யூனிட். பேட்டரியின் கொள்ளளவையும் பில்லையும் யூனிட்டில்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

என் காருக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும்?

சார்ஜரின் கைப்பிடியை எல்லாரும் துப்பாக்கி என்றே சொல்கிறோம். மலேசியாவில் புதிதாக விற்கும் கார்களுக்கு டிசி பக்கம் சிசிஎஸ்2 வகைதான். மேலே ஏழு துளை கொண்ட வட்டம், அதன் கீழே இரண்டு பெரிய துளைகள். டெஸ்லாவுக்கும் இங்கே இதே வாய்தான்.

நிஸான் லீஃப் இதற்கு விலக்கு. அதற்கு வேண்டியது சாடெமோ என்ற உருண்டையான, பெரிய துப்பாக்கி. பழைய 50 கிலோவாட் நிலையங்கள் சிலவற்றில் இரண்டு துப்பாக்கியும் தொங்கும். புதிதாக வரும் நிலையங்களில் சாடெமோ குறைந்துகொண்டே வருகிறது. ஜப்பானிலிருந்து ரிகோன், அதாவது அங்கே ஓடி இங்கே இறக்குமதியாகும் மின்சாரக் கார் எடுக்க நினைப்பவர்கள், விலையைப் பேசும் முன்பே சார்ஜ் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் வாய் எது என்று பார்த்துவிடுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் டிசி அடாப்டரை நம்பி ரிகோன் கார் வாங்குவது நல்ல யோசனை அல்ல. பல நூறு வோல்ட், நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் அதன் வழியாகப் போகப் போகிறது.

120 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, எனக்கு 60-தான் வருகிறது. சார்ஜர் பழுதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் பழுது இல்லை. இயந்திரத்தின் மேல் எழுதியிருப்பது அது அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடிய அளவு. எவ்வளவு எடுப்பது என்று ஒவ்வொரு நொடியும் முடிவு செய்வது கார். "இப்போது எனக்கு இத்தனை ஆம்பியர் போதும்" என்று கார் சொல்ல, இயந்திரம் அதைத்தான் கொடுக்கும்.

முதலில் உங்கள் காரின் உச்சவரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இ.மாஸ் 7 பிரைம் 80 கிலோவாட், பிரீமியம் 100 கிலோவாட். 44.9 யூனிட் பேட்டரி கொண்ட பிவைடி டால்ஃபின் 60 கிலோவாட். இந்த டால்ஃபினை 180 கிலோவாட் இயந்திரத்தில் மாட்டினாலும் 60-தான் வரும். பக்கத்தில் 60 கிலோவாட் இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் அதற்கே போகலாம், நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இரண்டாவது, பேட்டரியில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பது. காலியான பேட்டரி வேகமாக வாங்கும், நிரம்ப நிரம்ப மெதுவாகும். 20 விழுக்காட்டில் 80 கிலோவாட் வாங்கிய கார் 85 விழுக்காட்டில் 30-க்கு இறங்கியிருப்பது சகஜம். 70 விழுக்காட்டோடு வந்து மாட்டிவிட்டு வேகம் இல்லை என்று சொன்னால் சார்ஜர் என்ன செய்யும்?

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கேபிளுக்கு ஆம்பியர் வரம்பு உண்டு. உள்ளே குளிர்நீர் ஓடாத சாதாரணக் கேபிள்கள் 200 அல்லது 250 ஆம்பியரோடு நின்றுவிடும். உங்கள் பேட்டரி 350 வோல்ட்டில் இருக்கிறது, கேபிள் 200 ஆம்பியர் என்றால், பெருக்கிப் பாருங்கள்: 70 கிலோவாட். இயந்திரம் 120 என்று சொல்வது பொய்யில்லை. அதிக வோல்ட் கொண்ட காருக்கு அது அந்த 120-ஐக் கொடுக்கும்.

நான்காவது, பங்கு. ஒரு இயந்திரத்தில் இரண்டு துப்பாக்கி இருந்தால் பக்கத்துக் கார் வந்து மாட்டியதும் 120 என்பது 60, 60 ஆகப் பிரியலாம். வேகம் திடீரென்று பாதியானால் திரையைப் பார்க்கும் முன் பக்கத்து இடத்தைப் பாருங்கள். வேறு இயந்திரம் காலியாக இருந்தால் அங்கே மாட்டுவது இருவருக்கும் நல்லது.

கடைசியாக, சூடு. மத்தியான வெயிலில் ஈப்போவிலிருந்து ஹைவேயில் விரட்டி வந்து உடனே மாட்டினால் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். காருக்கு அடியிலிருந்து காற்றாடியும் கம்ப்ரெஸரும் இரைச்சல் போடுவது பேட்டரியைக் குளிர்விக்கத்தான், பயப்பட வேண்டாம். நிழலில் இருக்கும் சார்ஜர் கிடைத்தால் அதை எடுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் காணொளிகளில் சொல்லும் "பேட்டரியை முன்கூட்டியே சூடாக்குவது" நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் தேவைப்படாது.

முதல்முறை போகிறேன். வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி வேலையை முடித்துவிடுங்கள். செயலியை இறக்கி, கணக்குத் திறந்து, வங்கி அட்டையையோ மின்பணப்பையையோ இணைத்து வையுங்கள். ஜென்டாரி, சார்ஜ்ஈவி, ஜொம்சார்ஜ், சார்ஜ்சினி, தெனாகாவின் எலெக்ட்ரான் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி. ஒரு செயலியில் இன்னொரு நிறுவனத்தின் சார்ஜரும் தெரிவது உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். போகும் வழியில் உள்ள இரண்டு நிறுவனங்களின் செயலியாவது கையில் இருக்கட்டும்.

நிலையத்தில்:

1. சார்ஜ் வாய் காரின் எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்துங்கள். கேபிள் குட்டை. தலைகீழாக நிறுத்திவிட்டு இழுத்தால் எட்டாது. பார்க்கில் போட்டுக் கைப்பிரேக்கும் போடுங்கள்.
2. திரையைப் பாருங்கள். காலியாக இருப்பதற்கான அறிகுறி இருக்க வேண்டும், பிழை எண் எதுவும் இருக்கக் கூடாது.
3. துப்பாக்கியை எடுத்து அதன் வாயை ஒரு முறை பாருங்கள். தண்ணீர், மண், உருகிய பிளாஸ்டிக், வளைந்த உலோகப் பின்கள் எதுவும் இருக்கக் கூடாது. கொஞ்சநாள் யாரும் தொடாத துப்பாக்கியில் எறும்பும் குளவிக் கூடும் இருக்கலாம். உள்ளே விரலையோ குச்சியையோ விடாதீர்கள். அந்தத் துப்பாக்கியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.
4. காரின் கீழ்ப்பக்க டிசி மூடியையும் திறந்து, துப்பாக்கியை நேராக, கடைசிவரை தள்ளுங்கள்.
5. செயலியில் அந்தத் துப்பாக்கியின் எண்ணைத் தேர்ந்து, அல்லது கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்து, தொடங்கு என்று அழுத்துங்கள். முதலில் மாட்ட வேண்டுமா, முதலில் செயலியா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். திரையில் எழுதியிருக்கும்.
6. "டக்" என்று பூட்டு விழும். காரும் இயந்திரமும் பேசிக்கொண்டு, கேபிளில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை விடும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். அதற்குள் பொறுமை இழந்து பிடுங்கி மாட்டினால் மறுபடியும் முதலிலிருந்துதான்.
7. ஆம்பியரும் யூனிட்டும் ஏறத் தொடங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே தேநீர் குடிக்கப் போங்கள். இரண்டாவது நிமிடத்தில் நின்றுபோன சார்ஜை அரை மணி நேரம் கழித்துக் கண்டுபிடிப்பது மகா எரிச்சல்.

மாட்டினேன், தொடங்கவே இல்லை. ஏன்?

பத்தில் பல தடவை காரணம் சின்னது. கேபிளின் பாரம் துப்பாக்கியின் பின்பக்கத்தைக் கீழே இழுப்பதால் உள்ளே பின்கள் சரியாகத் தொடுவதில்லை. அழுத்திய பிறகு கைப்பிடியைச் சற்று மேல்நோக்கித் தாங்கிப் பிடித்து, பூட்டு விழும்வரை விடாதீர்கள். இந்த ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து, காரில் "இரவு 10 மணிக்குப் பிறகு மட்டும் சார்ஜ்" என்று வீட்டுக்காக வைத்திருந்த நேர அமைப்பு. சில கார்கள் டிசியிலும் அதைக் கடைப்பிடித்துக் காத்துக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டு முயலுங்கள். மின்பணப்பையில் பணம் குறைவாக இருந்தாலும் தொடங்காது. பில் வருவதற்கு முன்பே சில செயலிகள் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும், மீதி பிறகு திரும்பும். வங்கி அட்டை என்றால் திரும்பச் சில நாள் ஆகலாம். அது திருட்டு இல்லை.

சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை யாராவது விளையாட்டாக அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். அது உள்ளே அமுங்கியே நிற்கும். சுற்றிலும் சேதமோ புகையோ இல்லை என்றால் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி திருகி விடுவியுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால், துப்பாக்கியைக் கழற்றி அதன் இடத்தில் வைத்து, காரைப் பூட்டி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு முறை தோற்றால் பக்கத்துத் துப்பாக்கி. அதுவும் தோற்றால் அங்கேயே மல்லுக்கட்டாமல் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பல நேரம் அவர்கள் தூரத்திலிருந்தே இயந்திரத்தை அணைத்துப் போட முடியும்.

கைப்பேசிக்கு லைன் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?

தோட்டத்துப் பக்கம் இது நிஜமான தொல்லை. இயந்திரத்துக்கே இணையம் வேண்டும், உங்கள் கைப்பேசிக்கும் வேண்டும். சில நிறுவனங்கள் தட்டித் தொடங்கும் அட்டை தருகின்றன. கிடைத்தால் ஒன்று வாங்கிக் காரில் போட்டு வையுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசி வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதிலும் செயலியை ஏற்றி வைக்கலாம்.

துப்பாக்கி கழலவே மாட்டேன் என்கிறது.

முதலில் செயலியிலோ திரையிலோ காரிலோ சார்ஜை நிறுத்துங்கள். நிறுத்தாமல் இழுத்தால் வராது, வரவும் கூடாது. நின்ற பிறகும் பத்து இருபது நொடி பொறுங்கள். பிறகு சாவியால் காரைப் பூட்டித் திறங்கள். பல கார்களில் சார்ஜ் பூட்டும் கதவுப் பூட்டோடு சேர்ந்தே திறக்கும். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். பூட்டு விடுபடும்போது துப்பாக்கியை உள்பக்கமாக லேசாகத் தள்ளிப் பிடித்தால் பிடிமானம் தளரும்.

அப்படியும் வராவிட்டால் காரில் கையால் இழுக்கும் அவசரக் கயிறு இருக்கும். சில கார்களில் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள், சிலவற்றில் முன் மூடிக்குக் கீழே. எங்கே இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்து இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். மழையில், இருட்டில், பின்னால் வரிசை நிற்கும்போது தேட முடியாது. முரட்டுத்தனமாக ஆட்டி இழுத்தால் உடைவது பெரும்பாலும் காரின் பூட்டுமுனை. அந்தச் செலவு உங்களுடையது.

என்ன செலவாகும்?

60 யூனிட் பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். 36 யூனிட். நிலையம் யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 50 சென் வாங்கினால் 54 ரிங்கிட். வீட்டில் யூனிட் ஏறக்குறைய 45 சென் என்று பார்த்தால், ஏசி மாற்றத்தில் போகும் இழப்பையும் சேர்த்து 18 ரிங்கிட் பக்கம் வரும். மூன்று மடங்கு வித்தியாசம். வேகச் சார்ஜரைத் தூரப் பயணத்துக்கு வைத்துக்கொண்டு அன்றாடத்துக்கு வீட்டில் ஏற்றுவதே கட்டுப்படியாகும்.

தொடங்கும் முன் கட்டணம் யூனிட்டுக்கா நிமிடத்துக்கா என்று பாருங்கள். நிமிடக் கணக்கில் வாங்கும் இடத்தில் மெதுவாக வாங்கும் கார் வைத்திருப்பவருக்கு நஷ்டம், 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுபவருக்கு இன்னும் நஷ்டம். சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காமல் இருந்தால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தண்டம் போடும் நிலையங்களும் உண்டு.

பில்லில் 38 யூனிட், பேட்டரியில் ஏறியது 36 யூனிட் அளவுதான். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. மீட்டர் கேபிளில் போனதை அளக்கிறது. அதில் ஒரு பகுதி பேட்டரி சூடாவதில் போகும், ஒரு பகுதி பேட்டரியைக் குளிர்விப்பதில். குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். 5 விழுக்காடு அளவுக்கு வித்தியாசம் வந்தால் சாதாரணம். 15, 20 விழுக்காடு என்று ஒவ்வொரு தடவையும் வந்தால் ரசீதோடு கேட்கலாம்.

ஏன் எல்லாரும் 80-ல் நிறுத்தச் சொல்கிறார்கள்?

கடைசி 20 விழுக்காட்டுக்கு, முதல் 60 விழுக்காட்டுக்கு ஆன நேரத்தில் பெரும்பகுதி ஆகிவிடும். மின்கலங்கள் தம் மேல் வோல்ட் வரம்பைத் தொடும்போது கார் ஆம்பியரைப் படிப்படியாகக் குறைத்தே ஆக வேண்டும். மேலே கணக்குப் போட்ட 36 யூனிட் என்பது ஹைவேயில் 110 வேகத்தில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தாப்பாவிலிருந்து கோலாலம்பூர் அதற்குள் அடங்கிவிடும். பிறகு எதற்கு அங்கே இன்னும் இருபது நிமிடம்?

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி கொண்ட கார்களுக்கு, விழுக்காட்டுக் கணக்கு சரியாக இருக்க அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துவது உண்மை. அதை வீட்டு ஏசியில், இரவில் செய்யுங்கள்.

வேகச் சார்ஜ் பேட்டரியைக் கெடுக்குமா?

மாதம் இரண்டு மூன்று பயணத்துக்குப் பயன்படுத்தினால் கவலைப்பட எதுவும் இல்லை. கார் தன் வரம்பை மீற விடாது. பேட்டரிக்கு எதிரி சூடும், நிரம்பிய நிலையில் நெடுநேரம் கிடப்பதும். 100 வரை ஏற்றிவிட்டு வெயிலில் மூன்று நாள் நிறுத்தி வைப்பது, அடிக்கடி டிசி போடுவதைவிட நல்லதில்லை.

எங்கள் வீடு பழைய லயத்து வீடு. வீட்டில் சார்ஜர் போட முடியாது. வேகச் சார்ஜரை மட்டும் நம்பிக் கார் வாங்கலாமா?

முடியும், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். வாரத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் 50 யூனிட் பக்கம் வேண்டும், அதாவது வாரம் ஒன்றோ இரண்டோ தடவை நிலையத்தில் அரை மணி நேரம். டவுனில் இருப்பது ஒரே நிலையம், அதுவும் பழுதானால் வேலைக்குப் போக முடியாது என்ற நிலை இருந்தால் வேண்டாம் என்றே சொல்வோம்.

காரோடு வரும் மூன்றுமுனைப் பிளக் சார்ஜர் சுமார் 2 கிலோவாட் கொடுக்கும். 36 யூனிட் ஏற 18, 20 மணி நேரம். தினம் 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஓர் இரவு போதும். ஆனால் பல வருடம் பழைய வயரிங்கில், பல மணி நேரம் தொடர்ந்து 8, 10 ஆம்பியர் இழுப்பது விளையாட்டில்லை. பிளக் சூடாகிப் பழுப்பேறும், கருகும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை வைத்து, அந்த ஒரு பிளக்குக்கு மட்டும் தனி வயரும் தனி உடைப்பானும் (பிரேக்கர்) போடுங்கள். நீட்டிப்பு வயர் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

கேமரன் மலைக்கு ஏற எவ்வளவு வேண்டும்?

தாப்பாக்காரர்களுக்கு இது முக்கியம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், உயரம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். ஆட்களோடு 1,900 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 7 யூனிட் வேண்டும். ஓட்டத்துக்கு இன்னும் 8 யூனிட், மோட்டாரில் போகும் இழப்பு கொஞ்சம். மொத்தம் 16, 17 யூனிட். 60 யூனிட் பேட்டரியில் 25 முதல் 30 விழுக்காடு.

ஆகவே கீழேயே ஏற்றிக்கொண்டு போங்கள். 60 விழுக்காட்டோடு ஏறினால் மேலே ஊர் சுற்றவும் மீதி இருக்கும். இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தருவதால் 5 விழுக்காடு அளவுக்குத்தான் குறையும். மேலே விடுதியில் இலவச சார்ஜர் இருக்கிறது என்று 100 வரை நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காது, வளைவுக்கு வளைவு கால் பிரேக்கையே மிதிக்க வேண்டியிருக்கும். 80, 85 போதும்.

மழை, இடி மின்னலில் மாட்டலாமா?

மழையில் மாட்டலாம். இருபக்கமும் சரியாகச் சேர்ந்து, கசிவுச் சோதனை முடிந்த பிறகே மின்சாரம் வரும். துப்பாக்கி தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் விழுந்து கிடந்தால் மட்டும் அதைத் தொடாமல் வேறு பாருங்கள். மாட்டும்போது காரின் வாய்க்குமேல் குடையைப் பிடிப்பது நல்லது.

இடி தலைக்குமேல் விழும்போது காத்திருப்பதே புத்திசாலித்தனம். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால் காருக்குள் இருங்கள். தெனாகா லைன் ஒரு கணம் விட்டுவிட்டு வந்தால் சார்ஜ் நின்றுவிடும், தானாகத் தொடங்காது. மழை விட்டதும் திரையைப் பாருங்கள். நிலையத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

ஹைவே ஓய்விடத்துச் சார்ஜரைத் தாப்பா டவுனிலிருந்து போய்ப் பயன்படுத்தலாமா?

டோல் வழியாக ஹைவேக்குள் போனால்தான் முடியும். அதோடு வடக்கு நோக்கும் பக்கம், தெற்கு நோக்கும் பக்கம் தனித்தனி. எதிர்ப்பக்கத்து ஓய்விடத்தில் இருக்கும் சார்ஜருக்கு நேராகக் கடக்க வழி இல்லை. அடுத்த டோலில் வெளியேறித் திரும்பி வர வேண்டும். செயலியின் வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் ஏமாந்துவிடாதீர்கள். எந்தத் திசைக்கானது என்பதைப் பெயரிலேயே படித்துப் பாருங்கள்.

தைப்பூசம், தீபாவளி நேரத்தில்?

பத்துமலைக்கும் ஈப்போ கல்லுமலைக்கும் போகும் கூட்டம், ஊர் திரும்பும் கூட்டம் எல்லாம் ஒரே ஹைவேயில். முந்தின இரவே வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் 15 விழுக்காட்டுக்குக் காத்திருக்காமல் 35, 40 இருக்கும்போதே காலியாக இருக்கும் சார்ஜரில் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது நல்லது. வரிசை இருந்தால் 80-ல் எடுத்துவிடுங்கள். கார் அருகே இல்லாமல் சாப்பிடப் போனால் கண்ணாடிக்குள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். அடுத்தவர் காரில் ஏறிக்கொண்டிருக்கும் துப்பாக்கியைத் தொடக்கூடாது.

பெட்ரோல் கார் சார்ஜர் இடத்தில் நிற்கிறது என்றால், சத்தம் போடுவதைவிடக் கடைக்காரரிடமோ பெட்ரோல் நிலைய ஊழியரிடமோ சொல்லி அறிவிக்கச் சொல்வதில்தான் காரியம் நடக்கும். அந்த இடம் எதற்கென்றே தெரியாமல் நிறுத்தியவர்களும் இருப்பார்கள்.

சார்ஜ் தீர்ந்து வழியில் நின்றுவிட்டால்?

பூஜ்யம் காட்டும்வரை ஓட்டாதீர்கள். 10 விழுக்காட்டில் குளிர்சாதனத்தைக் குறைத்து, 80 வேகத்துக்கு இறங்கினாலே கணிசமான தூரம் கூடும். நின்றுவிட்டால் காப்புறுதி நிறுவனத்தின் இழுவை உதவி எண்ணுக்கு அழைத்து, மின்சாரக் கார் என்று சொல்லி, காரையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் படுக்கைத் தட்டு லோரி கேளுங்கள். சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாக்கிப் பழுதாகும்.

கருகல் வாடை, புகை வந்தால்?

சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள், ஆட்களோடு தள்ளிப் போங்கள், 999. மின்சாரக் கார் என்பதைத் தீயணைப்புப் படையிடம் முதலிலேயே சொல்லுங்கள். துப்பாக்கி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு இயல்பில்லை. நிறுத்திவிட்டுப் புகார் செய்யுங்கள்.

பணம் போனது, சார்ஜ் ஏறவில்லை. எப்படிக் கேட்பது?

இயந்திரத்தின் எண், துப்பாக்கியின் எண், நேரம், திரையில் காட்டிய பிழை எண் எல்லாம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். காரின் திரையில் விழுக்காடு தெரியும்படி இன்னொன்று. செயலியிலேயே அந்தச் சார்ஜ் பதிவைத் திறந்து, அதோடு படங்களை இணைத்து அனுப்புங்கள். "சார்ஜர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் எது, எப்போது என்று கேட்டே இரண்டு நாள் போய்விடும். பிடித்து வைத்த தொகையா, கழித்த தொகையா என்பதையும் வங்கிப் பதிவில் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிடித்து வைத்ததுதான் என்றால் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும்.